பாட்டுக்கு உரியவர் யார்? – பிரிட்டென், பியர்ஸ் கடிதங்கள்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர் பாடாங் செராய். அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களுக்குக் கடிதத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்துகொண்டிருந்த ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1973ஆம் ஆண்டுவரை ஓடியது. ஊர்ச் செய்தி கடல் கடந்து வந்த காலம் அது. எழுத்தறியாதவர்களுக்குத் தோட்டத்துக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ கடிதத்தைப் படித்துக் காட்டுவார். ஊருக்குப் பணம் அனுப்பும்போது மணியார்டர் பாரத்தில் தொகை இருக்கும், பெயர் இருக்கும், ஊர் இருக்கும். அந்தப் பணத்தை எவ்வாறு சேர்த்தார்கள், எந்த முகத்தை நினைத்து அனுப்பினார்கள் என்பது பாரத்தில் இராது. அதைக் கடிதம் ஒன்றுதான் சொல்லும்.

இசையிலும் இதைப் போன்ற நிலை உண்டு. ஒரு பாட்டைச் சுரப்படுத்தி அச்சிட்ட ஏட்டில் இராகம் இருக்கும், தாளம் இருக்கும், இயற்றியவர் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டு யாருடைய குரலை உள்ளத்திற் கொண்டு பிறந்தது என்பதை அந்த ஏடு சொல்லாது. இயற்றியவரும் பாடியவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் கிடைக்குமானால், அப்போதுதான் அந்த உண்மை வெளிப்படும். அத்தகைய கடிதங்களுள் மிக முழுமையாகக் கிடைத்திருப்பவற்றுள் ஒன்று, இங்கிலாந்து நாட்டு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென் என்பாருக்கும், பாடகர் பீட்டர் பியர்ஸ் என்பாருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தாகும்.

நம் மரபில் பாடகர்

அக்கடிதங்களைக் காணுமுன் நம் இசை மரபை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். சொல்லையும் இசையையும் ஒருங்கே அமைப்பவரை வாக்கேயக்காரர் என்பர். தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாத்திரிகள் ஆகிய மூவரும் தாமே இயற்றித் தாமே பாடியவர்கள். இவ்வாறு இருவேறு தொழில்களும் ஒருவரிடமே நிற்கும்போது கடிதத்திற்கு இடமேது? இயற்றியவர் தம் பெயரையோ தம் தெய்வத்தின் பெயரையோ முத்திரையாகப் பாட்டின் இறுதியில் பதித்துவிடுவார். பாடுகிறவருக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை.

ஆயினும் ஒருவர் இயற்ற, அவர் இயற்றுவதற்கு மற்றொருவர் தூண்டுதலாய் இருந்த நிகழ்ச்சிகள் நம்மிடையேயும் உண்டு. வீணை தனம்மாள் (1867–1938) வீணை வாசித்துக்கொண்டே தாமும் பாடிய பேரறிஞர். தருமபுரி சுப்பராயர் இயற்றிய ஜாவளிகளுள் சில அவ்வம்மையாரை எண்ணி எழுந்தவை என்பது இசை உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அந்த ஜாவளிகளைப் பேணிக் காத்ததும் தனம்மாளின் குடும்பமே. பேத்தியர் பிருந்தா, முக்தா, பாலசரசுவதி ஆகியோர் வாயிலாக அவை பின்வந்த தலைமுறைக்குக் கிடைத்தன. இங்கே சான்றாக நிற்பது பாட்டும் செவிவழிச் செய்தியுமே.

கடிதமே சான்றாக நிற்கும் நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1940ஆம் ஆண்டு வெளிவந்த ‘சகுந்தலை’ திரைப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும், ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் நடித்தார்கள். ஜி. என். பி. (1910–1965) பெரும் பாடகர் மட்டுமல்லர். இருநூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளை இயற்றியவரும் ஆவார். எம். எஸ். தம் இளமையில் அவருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து சில பகுதிகளை, டி. ஜே. எஸ். ஜார்ஜ் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தார். விடியற்காலையில் கெடாவின் கோவில்களிலும் ஒலிக்கும் அந்தச் சுப்ரபாதக் குரலுக்குரியவர், ஒருகாலத்தில் தம் உள்ளத்தை இவ்வாறு எழுதினாரா என்று படித்தவர்கள் வியந்தார்கள். ஆனால் நூலில் நாம் காண்பது ஒரு பக்கத்துக் குரலே. உரையாடலின் ஒரு பாதியைக் கேட்டுக்கொண்டு மறுபாதியை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இரு பக்கமும் கிடைத்தால் எவ்வாறிருக்கும் என்பதைக் காட்டுவதனாலேயே பிரிட்டென், பியர்ஸ் கடிதங்கள் நமக்கும் பயன்படுகின்றன.

இருவர் வரலாறு

பெஞ்சமின் பிரிட்டென் 1913ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லோஸ்டாஃப்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். பீட்டர் பியர்ஸ் அவரினும் மூன்று வயது மூத்தவர்; 1910ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் பிறந்தவர். இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் 1937இல் விமான விபத்தில் இறந்துபோக, அவர் விட்டுச்சென்ற காகிதங்களை ஒழுங்குபடுத்தும் பணியில் இவ்விருவரும் நெருங்கிப் பழகலாயினர். அன்று தொடங்கிய நட்பு, 1976இல் பிரிட்டென் மறையும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாகவே கொண்டு வாழ்ந்தார்கள்.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். ஆணுக்கும் ஆணுக்கும் இடையேயான உறவு இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுவரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஆகவே அன்பை வெளிப்படையாகத் தெரிவிக்கும் ஒவ்வொரு கடிதமும் எழுதியவருக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடியது. அவற்றைக் கொளுத்திவிடுவதுதான் பாதுகாப்பு. எனினும் இருவரும் அவற்றைக் காத்து வைத்தார்கள். அக்கடிதங்களுள் 365 கடிதங்கள், இருவரும் மறைந்த பின்னர், 2016ஆம் ஆண்டில் ஒரே நூலாக வெளிவந்தன. பிரிட்டென் வாழ்ந்த ஆல்ட்பரோ என்னும் கடற்கரை ஊரில், அவர்கள் குடியிருந்த வீட்டை ஒட்டிய ஆவணக் காப்பகத்தில் அவர்தம் காகிதங்கள் பேணப்படுகின்றன.

இத்தனை கடிதங்கள் எழுதவேண்டிய தேவை என்ன? இசையமைப்பவருக்கு ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். பாடகருக்கோ ஊர் ஊராகச் செல்லுதல் வேண்டும். பிரிட்டென் ஆல்ட்பரோவில் இருந்து எழுதினார். பியர்ஸ் கச்சேரிக்குச் சென்ற ஊர்களில் இருந்து எழுதினார். எனவே இக்கடிதங்கள் பிரிவின் ஏடுகள். இருவரும் ஒரே அறையில் இருந்து, ஒருவர் பியானோ வாசிக்க மற்றவர் பாடிப் பழகிய நாட்களைப் பற்றிக் கடிதம் இல்லை. ஒரே லயத்தில் வாழும் அண்ணனும் தம்பியும் கடிதம் எழுதிக்கொள்வதில்லை அன்றோ? ஆதலின் இக்கடிதங்களைப் படிப்போர், அவற்றின் இடைவெளிகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

குரலுக்கேற்ற பாட்டு

பியர்ஸின் குரல் ‘டெனர்’ என்னும் வகையைச் சார்ந்தது. ஆண்குரல்களில் மேல் ஸ்தாயியில் இயங்கும் குரலை மேனாட்டார் அவ்வாறு அழைப்பர். கேட்ட மாத்திரத்தில் யாவரையும் மயக்கும் குரல் அன்று அது. சற்று மெலிந்து, நாணற்குழல் ஒலிப்பது போன்ற தன்மை வாய்ந்தது. அதை விரும்பாத இரசிகர்களும் இருந்தார்கள். ஆனால் சொல்லின் பொருளைத் தெளிவாக உணர்த்துவதில் அக்குரலுக்கு நிகரில்லை என்பது அறிந்தோர் கருத்து.

அந்தக் குரலின் இயல்பு பிரிட்டெனின் இசையில் எவ்வாறு இடம்பெற்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பியானோவின் நடு ‘ஸீ’ என்னும் சுரத்திற்குச் சற்று மேலே ‘ஈ’ என்று ஒரு சுரம் உண்டு. டெனர் பாடகர் பலருக்கு நெஞ்சுக்குரல் தலைக்குரலாக மாறும் இடம் அதன் அண்மையில் உள்ளது. ஆகையால் அவ்விடத்தை அவர்கள் எச்சரிக்கையோடு கடப்பார்கள். பியர்சுக்கோ அந்தச் சுரமே மிகச் சிறப்பாக ஒலித்தது.

பிரிட்டெனின் புகழை நிலைநாட்டிய இசைநாடகம் ‘பீட்டர் கிரைம்ஸ்’. 1945ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் இலண்டனில் முதன்முதல் மேடையேறியது. ஊராரின் ஐயத்திற்கு ஆளாகித் தனித்து நிற்கும் ஒரு மீனவனின் கதை அது. அவனிடம் வேலை பழக வந்த சிறுவன் கடலில் இறந்துபோகிறான். ஊர் அவன்மேல் பழி சுமத்துகிறது. புயலடிக்கும் இரவொன்றில் அவன் சாராயக்கடைக்குள் நுழைந்து, வானத்து விண்மீன்களைப் பற்றிப் பாடத் தொடங்குகிறான். அப்பாட்டின் தொடக்கத்தில் அவன் குரல் அந்த ஒரே ‘ஈ’ சுரத்திலேயே மீண்டும் மீண்டும் நிற்கிறது. கீழே வாத்தியங்களின் இசை மாறி மாறிச் செல்கிறது. குரல் மட்டும் அசையாமல் நிற்கிறது. நம் கச்சேரியில் தம்புரா ஒரே சுருதியில் நிற்க, பாடகர் அதன்மேல் உலவுவார். இங்கே அது தலைகீழாக, பாடகரே சுருதியாக நிற்க, வாத்தியங்கள் உலவுகின்றன. ஊர் முழுவதும் ஒருபக்கம் ஆட, ஒருவன் மட்டும் தன் நிலையில் தனித்து நிற்கிறான் என்னும் கதைப்பொருளை அந்த ஒரு சுரமே உணர்த்திவிடுகிறது.

இந்தப் பாத்திரத்தைத் தொடக்கத்தில் பிரிட்டென் தாழ்ந்த ஆண்குரலுக்கே எண்ணியிருந்தார். பின்னர்ப் பியர்சின் குரலுக்கென மாற்றினார். இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. இருவரும் 1939இல் வட அமெரிக்கா சென்று, 1942வரை அங்குத் தங்கியிருந்தார்கள். 1941இல் அவர்கள் கலிபோர்னியாவில் இருந்தபோதுதான் இக்கதைக்கு மூலமான ஜார்ஜ் கிராப் என்னும் புலவரின் கவிதை அவர்கள் கைக்கு எட்டியது. அதைக் கதையாக வகுக்கும் தொடக்க வேலையில் பியர்சும் பங்கு கொண்டார். ஆகவே பாடகரின் பங்கு தொண்டையோடு நிற்கவில்லை; கதைக்கருவிலேயே தொடங்கிவிட்டது.

அயல்மொழியில் மறைந்த அன்பு

வெளிப்படையாகச் சொல்ல முடியாத அன்பைப் பாட்டாக்குவது எவ்வாறு? இத்தாலிய நாட்டுச் சிற்பி மைக்கலாஞ்சலோ பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய கவிதைகளுள் ஏழினை எடுத்து, 1940இல் பிரிட்டென் இசையமைத்தார். பியர்சுக்கென்றே அமைத்த முதல் பாடல் தொகுதி அது. மொழி இத்தாலியம், எழுதியவரோ பல நூற்றாண்டுக்கு முந்தியவர். ஒரு நண்பனை நோக்கிய அன்பே அக்கவிதைகளின் பொருள் என்பதை அவையோரில் எத்தனை பேர் உணர்ந்திருப்பார்கள்? 1942ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் விக்மோர் மண்டபத்தில் பிரிட்டென் பியானோ வாசிக்கப் பியர்ஸ் அவற்றைப் பாடினார். மேடையில் எல்லாரும் கேட்கப் பாடிய அது, உண்மையில் ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய திறந்த கடிதம் எனலாம்.

தலைவி கூற்றாகப் பாடிய நம் ஆழ்வார்களும், நாயகி பாவத்தில் பதம் இயற்றிய புலவர்களும் இவ்வழியை அறிந்தவர்களே. நேரே சொல்ல இயலாத ஒன்றை மற்றொருவர் வாயில் வைத்துச் சொல்லுதல் பாட்டின் பழைய உரிமை.

ஆசியப் பயணம்

1955இன் இறுதியிலும் 1956இன் தொடக்கத்திலும் இருவரும் சேர்ந்து ஆசிய நாடுகளில் பயணம் செய்தார்கள். இந்தியாவில் இந்துஸ்தானி இசை கேட்டார்கள். பாலித் தீவில் ‘கமெலான்’ என்னும் வெண்கல இசைக்கருவிக் குழுவைக் கேட்டுப் பிரிட்டென் வியந்தார். மலேசியாவில் திரங்கானு, பகாங் அரண்மனைகள் வளர்த்த கமெலானும் அதே குடும்பத்தைச் சார்ந்ததே. பாலியில் கேட்ட அந்த ஒலியை 1957இல் மேடையேறிய ‘பகோடாக்களின் இளவரசன்’ என்னும் நாட்டிய நாடகத்தில் அவர் கையாண்டார்.

சப்பானில் இருவரும் ‘நோ’ என்னும் பழைய நாடகம் ஒன்றைக் கண்டார்கள். மகனைப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்தவளாய் ஆற்றங்கரைக்கு வரும் தாய் ஒருத்தியின் கதை அது. நடித்தவர் யாவரும் ஆடவர். எட்டு ஆண்டுகள் அது பிரிட்டெனின் உள்ளத்திலேயே கிடந்தது. 1964இல் ‘கர்லூ ஆறு’ என்னும் பெயரில் தேவாலயத்தில் நடிக்கும் நாடகமாக வெளிவந்தபோது, அந்தத் தாயாகப் பாடியவர் பியர்ஸ். ஐம்பத்து நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த ஆடவர் ஒருவரின் குரலில் தாயின் புலம்பலைக் கேட்க முடியும் என்று பிரிட்டென் துணிந்ததற்குக் காரணம், அந்தக் குரலின் எல்லைகளை அவர் தம் கைவிரல் போல் அறிந்திருந்ததே.

1974ஆம் ஆண்டுக் கடிதங்கள்

இருவர் வாழ்விலும் கடினமான காலம் 1973இல் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் பிரிட்டெனுக்கு இதயத்தில் அறுவை மருத்துவம் செய்து பழுதுபட்ட வால்வை மாற்றினார்கள். அதன்போது ஏற்பட்ட சிறு வாதத்தால் அவர் வலக்கை வலுவிழந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பியர்சுக்குப் பியானோ வாசித்த கை அது. இனி மேடையில் அவருக்குத் துணையாக அமர இயலாது. அடுத்த மாதம் தம் கடைசி இசைநாடகமான ‘வெனிசில் மரணம்’ அரங்கேறியபோது, அதைச் சென்று காணவும் அவரால் முடியவில்லை. முதன்மைப் பாத்திரத்தைப் பியர்சே ஏற்றுப் பாடினார்.

1974இல் அதே நாடகத்தைப் பாடுவதற்காகப் பியர்ஸ் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அரங்கிற்குச் சென்றார். அப்பேரரங்கில் அவர் முதன்முதல் பாடியது தம் அறுபத்து நான்காம் வயதில்! பிரிட்டென் ஆல்ட்பரோவில் நோயாளியாக இருந்தார். நவம்பர் 17ஆம் நாள் வானொலியில், முன்னர்ப் பதிவு செய்த தம் பாடல்கள் சிலவற்றைப் பியர்ஸ் பாட அவர் கேட்டார். தாமஸ் ஹார்டியின் கவிதைகளுக்கு அவர் 1953இல் இசையமைத்த தொகுதி அது. கேட்டு முடித்ததும் கடிதம் எழுத அமர்ந்தார். பியர்சைப் போன்ற கலைஞர் உலகில் இல்லை என்றும், அத்தகைய ஒருவருக்காக எழுதும் பேற்றைப் பெறத் தாம் என்ன செய்தோம் என்றும் வியந்து, தம் அன்பையும் அதில் கொட்டினார்.

பியர்சின் மறுமொழி நியூயார்க்கிலிருந்து வந்தது. கொடுத்தவர் தாம் அல்லர், பிரிட்டெனே என்றார் அவர். தம்மிடம் உள்ளவை யாவும் பிரிட்டென் தந்தவை என்றும், தாம் அவருடைய இசை வெளிவரும் வாயாக மட்டுமே நிற்பதாகவும் எழுதினார்.

இவ்விரு கடிதங்களும் கணக்கேட்டின் இரு பக்கங்கள் போன்றவை. ஆனால் வழக்கத்திற்கு மாறான கணக்கு இது. ஒவ்வொருவரும் மற்றவர்க்குத் தாம் கடன்பட்டிருப்பதாகவே எழுதி வைத்திருக்கிறார். இருவர் ஏட்டிலும் வரவு என்று ஒன்றும் தமக்கென இல்லை. பிரிட்டெனின் கடிதம் மட்டும் கிடைத்திருந்தால், பாடகரே எல்லாம் என்று எண்ணியிருப்போம். பியர்சின் கடிதம் மட்டும் கிடைத்திருந்தால், பாடகர் வெறும் கருவி என்று எண்ணியிருப்போம். இரண்டும் கிடைத்ததனாலேயே, பாட்டு என்பது இருவருக்கும் நடுவே நிகழ்ந்தது என்னும் உண்மை விளங்குகிறது.

பிரிட்டென் 1976ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பியர்ஸ் உடனிருக்க உயிர்நீத்தார். எலிசபெத் அரசியார் தம் இரங்கற் செய்தியைப் பியர்சுக்கே அனுப்பினார். பத்து ஆண்டுகளுக்கு முன் சட்டம் குற்றமென்று கூறிய ஓர் உறவை, நாட்டின் முடியே ஏற்று ஆறுதல் கூறிய நிகழ்ச்சி அது. பியர்ஸ் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மறைந்தார். ஆல்ட்பரோ தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவர் கல்லறைகளும் அருகருகே இருக்கின்றன.

பெயரில்லாப் பாடகர்கள்

இக்கடிதங்கள் நமக்கு உணர்த்துவது யாது? பாட்டை இயற்றியவர் பெயரை உலகம் காக்கிறது. எந்தக் குரல் அதை இயற்றும்படி தூண்டியதோ, அந்தக் குரலுக்குரியவரை எளிதில் மறந்துவிடுகிறது. பிரிட்டெனின் இசையேட்டில் அந்த ‘ஈ’ சுரம் என்றும் இருக்கும். அது யாருடைய சுரம் என்று அறிய வேண்டுமாயின் அவருக்கும் பியர்சுக்கும் இருந்த உறவை அறிதல் வேண்டும்.

தோட்டப்புறங்களிலும் பாட்டுக் கட்டியவர்கள் உண்டு, பாடியவர்களும் உண்டு. காவடிக்கும் தீமிதிக்கும், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இன்னார் குரலுக்கு இந்த மெட்டுத்தான் எடுபடும் என்று தெரிந்து கட்டிய பாட்டுகள் அவை. அவற்றைக் கட்டியவர் பெயரே பலவற்றிற்குத் தெரியாதபோது, பாடியவர் பெயரை யார் அறிவார்? அவர்களைப் பற்றிய செய்தி, எங்கேனும் ஒரு தகரப் பெட்டியின் அடியில், மங்கிய மையில், ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் ஒரு கடிதத்தில் இருத்தல் கூடும்.

பழைய கடிதங்களை வேண்டாத காகிதமென்று கொளுத்துமுன் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. தண்டனைக்கு அஞ்சவேண்டிய காலத்திலும் இருவர் தம் கடிதங்களைக் கொளுத்தாமல் வைத்திருந்தார்கள். அதனாலன்றோ இன்று ஒரு பாட்டைக் கேட்கும்போது, இயற்றியவரோடு பாடியவரையும் சேர்த்து நினைக்க நமக்கு வாய்க்கிறது!